தம்பி வெளியூர் போயிருக்கிறான்

ஜூன் 22

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சௌக்கியம். அம்மாவின் முழங்கால் வலி மட்டும் வருவதும் போவதுமாக இருக்கிறது. படி ஏறும்போது காலைத் திட்டுகிறாள், இறங்கும்போது என்னைத் திட்டுகிறாள். உன் உடம்பு எப்படி? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போன கடிதத்தில் அதைத் தவிர எல்லாம் எழுதியிருந்தாய்.

நல்ல செய்தி ஒன்று. இந்த வருஷம் எங்கள் பள்ளி எட்டாம் வகுப்புப் பெண்களை உங்கள் ஊருக்குத்தான் சுற்றுலா அழைத்து வருகிறோம். ஆகஸ்ட் இரண்டாவது சனிக்கிழமை. கோட்டை, அரண்மனை, பழைய கடைவீதி பார்த்துவிட்டு அன்று மாலையே திரும்பிவிடுவோம். ஆசிரியர் கூட்டத்தில் தலைமையாசிரியை, அந்த ஊரில் யாருக்காவது தெரிந்தவர்கள் உண்டா என்று கேட்டார். நான் சும்மா இருப்பேனா? என் தம்பி கோட்டை அலுவலகத்தில் அதிகாரி, அவனே கூட வந்து சுற்றிக் காட்டுவான் என்று சொல்லிவிட்டேன். அப்போது விளையாட்டு டீச்சர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. போன வருஷம் அவள் அண்ணன் வேலை பார்க்கும் பிஸ்கட் தொழிற்சாலைக்குப் போய் வந்ததையே இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாள்.

அம்மா தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. மாடி வீட்டம்மாவுக்கு மட்டும் இரண்டு தரம். தலைமையாசிரியைக்கு நான் பதில் சொல்ல வேண்டும், அதனால் உடனே எழுது.

என்றும் அன்புடன்,
அக்கா


ஜூலை 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. சாப்பாடு வேளைக்கு ஆகிறது. அம்மாவைத் தரையில் உட்கார விடாதே, வெந்நீர் ஒத்தடம் கொடு.

சுற்றுலாவைக் குளிர்காலத்துக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டுப் பார். ஆகஸ்டில் இங்கே கல்லெல்லாம் கொதிக்கும். வந்தே தீர வேண்டும் என்றால், பஸ்ஸைப் பெரிய வாசலுக்குக் கொண்டுவராதீர்கள். கூட்டம், தள்ளுமுள்ளு, போட்டோ எடுப்பவர்கள் தொல்லை. மேற்கு வாசலுக்கு வாருங்கள். அங்கே மரநிழல் உண்டு, குடிதண்ணீர்க் குழாய் உண்டு, கழிப்பறை சுத்தம். காவல் கோபுரத்துப் படிகள் தேய்ந்து வழுக்கும். பிள்ளைகளைச் சுவரை ஒட்டியே ஏறச் சொல். மத்தியானம் சாப்பிடக் குளக்கரை மண்டபம்தான் நல்லது.

அன்று நான் இருப்பேனா என்று சொல்ல முடியாது. திடீர் திடீரென்று வெளியூர் அனுப்பிவிடுகிறார்கள். என்னை நம்பி எந்த ஏற்பாடும் செய்யாதே. அதிகாரி, கிதிகாரி என்றெல்லாம் சொல்ல வேண்டாம். அலுவலகத்தில் இருப்பவர்கள் எல்லாம் அதிகாரியா?

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
தம்பி


ஜூலை 24

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம். நீயும் நலமாக இருந்து, அன்று ஊரிலும் இருக்க வேண்டும்.

என்னடா இப்படிக் கை கழுவுகிறாய்? பெற்றோருக்கு அனுப்பிய அறிவிப்பிலேயே, 'கோட்டை அலுவலர் ஒருவர் மாணவியருக்கு நேரில் விளக்கம் அளிப்பார்' என்று தலைமையாசிரியை அச்சடித்துவிட்டார். ஒரு மணி நேரம் வந்து நின்றால் போதும். உன் தன்னடக்கத்தை வேறு ஒரு நாளைக்கு வைத்துக்கொள். எத்தனை வருஷமாக அங்கே இருக்கிறாய், உன் வேலை இடத்தை நாங்கள் யாராவது பார்த்திருக்கிறோமா? நானாவது பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

பத்து மணிக்கெல்லாம் வந்துவிடுவோம். வாசலிலேயே நில்.

அன்புடன்,
அக்கா


ஆகஸ்ட் 19

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அம்மாவும் நலமே.

சுற்றுலா நல்லபடியாக முடிந்தது. நீ சொன்னபடி மேற்கு வாசலுக்குத்தான் போனோம். மராமத்து வேலை நடக்கிறது என்று பலகை வைத்து அடைத்திருந்தார்கள். அதனால் பெரிய வாசலுக்கு வரும்படி ஆயிற்று. குளக்கரை மண்டபம் நன்றாக இருந்தது. படிகளில் யாரும் விழவில்லை.

உன் பதில் வராததால், வெளியூர் வேலைதான் வந்துவிட்டது என்று நானே நினைத்துக்கொண்டேன். எல்லாரிடமும் அப்படியே சொல்லிவிட்டேன். வேலை நல்லபடியாக முடிந்ததா?

பெரிய வாசலில் பழைய காலத்துப் படைவீரன் மாதிரி வேஷம் போட்ட இரண்டு பேரை நிறுத்தியிருக்கிறார்கள் அல்லவா? பிள்ளைகளுக்கு அதுதான் வேடிக்கையாக இருந்தது. ஓர் ஆளின் ஒட்டு மீசையைப் பிடித்து இழுத்துவிட்டார்கள். எல்லாரும் சிரித்தோம். அவருக்கு அந்தத் தலைக்கவசம் கொஞ்சம் பெரிது என்று தோன்றியது. அங்கே நிழலுக்கு ஒரு பந்தலாவது போடக் கூடாதா? அலுவலகத்தில் சொல்லிப் பார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


செப்டம்பர் 8

அக்காவுக்கு,

நலம். அங்கும் அப்படியே இருக்க வேண்டும்.

ஆமாம், வெளியூர் போயிருந்தேன். வேலை முடிந்தது.

நீ சொன்ன காவல்காரனை எனக்குத் தெரியும். அங்கே நிற்கிறவர்கள் அசையவும் கூடாது, பேசவும் கூடாது என்பது விதி. யார் என்ன செய்தாலும் அப்படித்தான். மீசையை ஒட்டும் பசை கொஞ்சம் கடுமையானது. மேலுதட்டில் தோல் உரிந்திருந்தது, இப்போது ஆறிவிட்டது. அன்றைக்குத் தலையைக் குனிந்தான் என்று மேற்பார்வையாளர் அவனைப் பின்பக்கக் கோபுரத்துக்கு மாற்றிவிட்டார். அங்கே ஆள் நடமாட்டம் இல்லை. நிழல் உண்டு. அவனுக்கு அது பிடித்துத்தான் இருக்கிறது.

பச்சைக் குடை வைத்திருந்த டீச்சர் பிள்ளைகளை நன்றாகக் கவனித்துக்கொண்டார் என்று சொன்னான். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை.

வேலை அதிகம். இனிக் கொஞ்ச நாள் எழுத முடியாது.

தம்பி


செப்டம்பர் 13

தம்பி,

உடம்பு எப்படி என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. உதடு ஆறிவிட்டது என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகு என்னால் எதுவும் கேட்க முடியவில்லை.

இனி 'அவன்' 'அந்த ஆள்' எல்லாம் வேண்டாம். நீதான் அங்கே நின்றாய். நான்தான் எதிரில் நின்றேன். நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் இது எனக்குள் கிடந்து அழுகும்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் பிள்ளைகள் உன்னிடம் ஓடினார்கள். எங்கள் வகுப்பிலேயே சின்னவள் ஒருத்தி இருக்கிறாள், வாண்டு என்று கூப்பிடுவோம். அவள் உன் முகத்துக்கு நேரே நின்று நாக்கைத் துருத்திக் காட்டினாள். நான் அதட்டப் போனேன். முதலில் உன் கால்தான் கண்ணில் பட்டது. சின்ன வயதில் மாடிப்படியிலிருந்து விழுந்ததிலிருந்து வலது பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி வைத்து நிற்பாயே, அந்த நிற்பு. நிமிர்ந்து பார்த்தேன். நீ என்னை எப்போதோ பார்த்திருந்தாய். என் தலைக்கு மேலே எங்கேயோ பார்வையை வைத்திருந்தாய்.

அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியை பக்கத்தில் வந்தார்.

"எங்க உங்க தம்பி? வாசல்லயே நிப்பார்னு சொன்னீங்களே?"

"அவன் வெளியூர் போயிருக்கான் மேடம். காலையிலதான் தகவல் வந்தது."

நான் கையை நீட்டியிருந்தால் உன் தோளில் பட்டிருக்கும். என் குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை என்பதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

அப்புறம்தான் வாண்டு நீ நின்ற மேடையில் ஏறி மீசையை இழுத்தாள். பாதி கையோடு வந்துவிட்டது. உன் உதடு சிவந்து, கண்ணில் தண்ணீர் வந்தது. பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள், விளையாட்டு டீச்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன் தம்பி. சிரிக்காவிட்டால் யாராவது என் முகத்தைப் பார்ப்பார்களோ என்று சிரித்தேன். அந்தக் குழந்தையோ பயந்துபோய் மீசையைத் திரும்ப ஒட்டப் பார்த்தது. எட்டவில்லை. நீ தலையைக் குனிந்து கொடுத்தாய். பன்னிரண்டு வயதுக் குழந்தைக்கு இருந்த பதைப்பு எனக்கு இல்லை.

பிறகு எல்லாரும் உன்னைச் சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். இடம் போதாமல் என்னை உன் பக்கமாகத் தள்ளினார்கள். நான் உன் பக்கத்தில் நின்று காமிராவைப் பார்த்தேன்.

திட்டி ஒரு வரி எழுது. போதும்.

அக்கா


அக்டோபர் 20

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா சுகம். நீ சுகமா என்று தெரியவில்லை. இரண்டு பேரும் தினமும் வாசலைப் பார்க்கிறோம். உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

சுற்றுலாப் போட்டோவைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுப் பள்ளிக்கூடத்தில் மாட்டிவிட்டார்கள். ஆசிரியர் அறைக்குப் போகிற வழியில் இருக்கிறது. நான் ஒரு வாரம் தோட்டத்துப் பக்கமாகச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தேன். பிறகு தாங்காமல் தலைமையாசிரியை அறைக்குப் போய், அந்தக் காவல்காரன் என் தம்பி என்று சொன்னேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். "தெரியும். உட்காருங்க," என்றார். "அந்த வாசல்லயே தெரிஞ்சுபோச்சு. ரெண்டு பேருக்கும் ஒரே நெத்தி, ஒரே மூக்கு. நீங்களே சொல்லாதப்போ நான் எப்படிக் கேக்கறது?"

திட்டியிருந்தால் தேவலை. தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் கொடுத்தார். இத்தனை நாளும் நான் கூட்டத்தில் பேசும்போதெல்லாம் அந்த அம்மாள் எதை நினைத்துக்கொண்டு என்னைப் பார்த்திருப்பார்?

அன்று மாலையே அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். என் பொய்யையும் சேர்த்துத்தான். அழுவாள் என்று நினைத்தேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தவில்லை. "நின்னுக்கிட்டேவா? நாள் முழுக்கவா?" என்று மட்டும் கேட்டாள். மறுநாள் காலையில், உன்னைப் பார்க்கப் போக வேண்டும் என்றாள். என்னிடம் அவள் அதிகம் பேசவில்லை, இன்றுவரை.

அம்மாவுக்காகவாவது பதில் எழுது.

அக்கா


நவம்பர் 6

அக்காவுக்கு,

அம்மாவும் நீயும் நலமாக இருங்கள். எனக்கு ஒன்றுமில்லை.

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அலுவலக வேலைக்கு என்று வந்தது உண்மை. நேர்முகத் தேர்வில் தள்ளிவிட்டார்கள். வேறு இடம் காலியாகும் வரை வாசலில் நிற்கிறாயா என்று மேற்பார்வையாளர் கேட்டார். நின்றேன். கோட்டையில் வேலை கிடைத்துவிட்டது என்று வீட்டுக்கு எழுதினேன். அதில் பொய் இல்லை. நீங்கள் அதை அலுவலகம் ஆக்கினீர்கள், பிறகு அதிகாரி ஆக்கினீர்கள். நான் மறுத்து எழுதவில்லை. ஒவ்வொரு தடவையும் அடுத்த கடிதத்தில் எழுதலாம் என்று விட்டேன். இடமும் காலியாகவில்லை. வேலை ஒன்றும் கேவலமில்லை, பழகிவிட்டது. உங்களிடம் சொல்வதுதான் பழகவில்லை.

அன்றைக்கு நீ என்னைத் தெரியாதது போல் நின்றதில் எனக்குக் கோபமே இல்லை. சொல்லிவிடாதே, சொல்லிவிடாதே என்றுதான் நானும் உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். நீ வெளியூர் என்று சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. ஆனால் நீ சிரித்தாய். அதற்காக நான் கெஞ்சவில்லை.

அம்மா வரட்டும். அறை சின்னதுதான், ஆனால் கட்டில் இருக்கிறது. இந்த வாரம் என்னைத் திரும்பப் பெரிய வாசலுக்கே போட்டிருக்கிறார்கள்.

நீ இப்போது வர வேண்டாம். கொஞ்ச நாள் போகட்டும்.

தம்பி


நவம்பர் 12

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் கடிதத்தைப் படித்தேன். அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன், கடைசி வரி உட்பட.

வரும் புதன்கிழமை காலை பஸ்ஸில் அம்மாவை ஏற்றிவிடுகிறேன். மத்தியானம் வந்து சேரும். முன் இருக்கை கேட்டு வாங்கியிருக்கிறேன். கால் மரத்துப் போயிருக்கும், இறங்கும்போது கையைப் பிடித்துக்கொள். நீல உறையில் மாத்திரை இருக்கிறது, சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. மறந்துவிட்டதாகச் சொல்வாள், நம்பாதே. உன் விடுதிக்காரரிடம் தலையணை இன்னொன்று கேட்டு வை.

நீ கூப்பிடும்போது நான் வருகிறேன். கூப்பிடாவிட்டாலும் நான் கேட்க மாட்டேன்.

அக்கா


டிசம்பர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? அம்மா பத்திரமாக வீடு வந்து சேர்ந்திருப்பாள். பஸ்ஸில் அவளுக்குத் தலைசுற்றல் ஏதும் இல்லையே?

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

வந்த மறுநாளே அம்மா என்னோடு கோட்டைக்கு வந்துவிட்டாள். வாசலுக்கு எதிரே ஒரு கல் பெஞ்சு இருக்கிறது. தண்ணீர்ப் பாட்டிலோடு அதில் உட்கார்ந்துகொண்டாள். முதலில் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு என்னோடு போட்டோ எடுத்துக்கொள்கிறவர்களிடம் எல்லாம் எழுந்து வந்து, "என் பையன்தான்," என்று சொல்ல ஆரம்பித்தாள். சிலர் நல்லபடியாகச் சிரித்தார்கள். சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இடைவேளையில் வந்து என் இடுப்புப் பட்டையைச் சரிசெய்தாள், முகத்தைத் துடைத்தாள். எதிர்ப்பக்கம் நிற்கிறவன் வாயை மூடிக்கொண்டு குலுங்கினான்.

மூன்றாம் நாள் மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி பார்வையிட வந்தார். மேற்பார்வையாளர் அவரை அழைத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். அதிகாரி பெஞ்சைக் காட்டி, "யாருப்பா அந்தம்மா? தினமும் இங்கயே இருக்காங்களாமே. உனக்குத் தெரிஞ்சவங்களா?" என்றார்.

"தெரியாது சார். யாரோ உக்காந்திருக்காங்க."

எனக்கு என்ன நிர்ப்பந்தம் அக்கா? அம்மா என்று சொல்லியிருந்தால் வேலை போகாது. அவர் ஒரு நாற்காலிகூடக் கொண்டுவரச் சொல்லியிருப்பார். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அம்மா கேட்டுவிட்டாள். பாட்டிலை மூடி எடுத்துக்கொண்டு எழுந்து வந்து, "வெயிலுக்கு ஒதுங்கினேன்ப்பா, இதோ போறேன்," என்று அவரிடம் சொல்லிவிட்டு நடந்து போனாள். காலை இழுத்து இழுத்து நடந்தாள். நான் அசையவில்லை. விதியைக் காரணம் காட்டிக்கொண்டு நின்றேன்.

வேலை முடிந்து அறைக்குப் போனால் சமைத்து வைத்திருந்தாள். பரிமாறினாள். தலைக்கவசத்துக்கு உள்ளே துணி வைத்துத் தைத்துத் தரட்டுமா என்று கேட்டாள். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பஸ் நிலையத்தில் நான் ஆரம்பித்தேன்.

"அம்மா, அன்னைக்கு வாசல்ல..."

"பஸ் வந்துருச்சு பாரு," என்றாள்.

பஸ் வரவில்லை. ரொம்ப நேரம் கழித்துத்தான் வந்தது.

நீ சிரித்தாய் என்று உனக்கு எழுதிய கைதான் இதையும் எழுதுகிறது. உன்னை வர வேண்டாம் என்று சொல்ல நான் யார் என்று இருக்கிறது. அம்மா அங்கே உன்னிடம் ஏதாவது சொன்னாளா? மறைக்காமல் எழுது.

தம்பி


டிசம்பர் 11

அன்புத் தம்பிக்கு,

இங்கே நலம். அம்மாவுக்குப் பயணத்தில் ஒன்றும் ஆகவில்லை. கால் வீக்கம் இரண்டு நாளில் வடிந்துவிட்டது. நீ சரியாகச் சாப்பிடு.

கேட்டாய், எழுதுகிறேன். அம்மா என்னிடம் தனியாக ஒன்றும் சொல்லவில்லை. ஊரைப் பற்றிச் சொன்னாள், உன் அறை ஜன்னலைப் பற்றிச் சொன்னாள், நீ இளைத்திருக்கிறாய் என்றாள். அவ்வளவுதான்.

உன் கடிதம் நேற்றுக் காலை வந்தது. சாயங்காலம் மாடி வீட்டம்மா இறங்கி வந்தார். மகன் எப்படி இருக்கிறான், ஆபீஸ் எல்லாம் பார்த்தீர்களா என்று கேட்டார். நான் அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இனி என்ன பேச்சு வருமோ என்று துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தேன்.

"ஆபீஸ் எல்லாம் இல்லைங்க. கோட்டை வாசல்ல காவல் வேஷம் போட்டு நிக்கறான்," என்றாள் அம்மா. "நான் இருந்தப்போ ஒரு பெரிய ஆபீசர் வந்தார். யார் இந்தம்மான்னு கேட்டார். அத்தனை பேருக்கு முன்னாடி, எங்க அம்மா சார்னு சொன்னான்."

மாடி வீட்டம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படியா என்று என் பக்கம் திரும்பினார். அம்மாவும் என்னைப் பார்த்தாள். உன் கடிதத்தை அவளுக்கு நான் வாசித்துக் காட்டவில்லை. என்ன எழுதியிருப்பாய் என்று அவளுக்குத் தெரியாமலும் இல்லை.

ஆமாம் என்று சொன்னேன்.

அம்மா இதை இனித் தெரு முழுக்கச் சொல்வாள். உனக்கு லீவு கிடைத்ததும் புறப்பட்டு வா. பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்பார்கள், அம்மாவும் பக்கத்தில் இருப்பாள். நீயும் ஆமாம் என்றே சொல்லிவிடு.

அன்புடன்,
அக்கா